திடலைச் செப்பனிட வருபவருக்கு



கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில், தமிழ்ப்பள்ளிக்கும் பழைய லயங்களுக்கும் நடுவே எஞ்சியிருக்கும் காற்பந்துத் திடலைச் செப்பனிடப் புறப்படுகிறவர் முதலில் தேடுவது பெரும்பாலும் மருந்து பம்பைத்தான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நடந்த தென்னமாரம் தோட்டம் இருக்கும் வட்டாரம் இது என்பதால், களை என்றதும் மருந்து நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆயினும் செம்பனைக் காட்டின் வழக்கம் விளையாட்டுத் திடலுக்கு உதவுவதில்லை.

திடலின் முதன்மைப் பகை, மலாயில் சம்பாவ் எனப்படும், கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான காட்டுப்புல். அதன் அடித்தண்டு வெளுத்துத் தட்டையாகி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தரையோடு படிந்து கிடப்பதால், எந்திரம் எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கத்திக்குக் கீழேயே அது கதிர்விட்டு விதை உதிர்த்துவிடுகிறது. கிளைபோசேட் மருந்துக்கு மசியாத சம்பாவ், பெர்ணம் ஆற்றுக்கு அப்பால் தெலுக் இந்தான் பகுதியில் 1997இலேயே கண்டறியப்பட்டது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடிக்கும்போது தப்பிப் பிழைக்கும் சில செடிகளின் விதையே அடுத்த தலைமுறையாகிறது என்பதே இதன் சூட்சுமம். மேலும், கிளைபோசேட் களை எது, புல் எது என்று பாராமல், திடலில் காக்க வேண்டிய கவ் கிராஸ் புல்லையும் சேர்த்துக் கருக்கி, வெறுந்தரையைச் சம்பாவ் விதைக்கே திறந்துவிடுகிறது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் பொறுத்தவரை பேச்சே வேண்டாம்: மருந்தடித்த தோட்டப் பெண்கள் பலர் அதன் தீங்கைத் தம் உடலில் சுமந்த பிறகு, 2020 ஜனவரி 1 முதல் அது நாட்டில் தடை செய்யப்பட்டது, கொட்டகை மூலையில் பழைய கலன் கிடந்தாலும் அதைத் தொடலாகாது.

சம்பாவ் செழிப்பது மண் இறுகிய இடத்தில்தான்: கோல் முகப்பில், குறுக்குப் பாதையில், மோட்டார் சைக்கிள் நிற்கும் ஓரத்தில். மழைக்கு மறுநாளும் ஸ்குரூ டிரைவர் விரலளவுக்கு மேல் இறங்காத இடத்தில் வேலை மண்ணுக்குத்தான். தோட்ட முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி, துளைகளில் ஆற்றுமணல் நிரப்பி, கடலோரக் களிமண் நீரைத் தேக்காதபடி வடிகாலைத் தூர்வாரிய பின்னரே, ஓடும் தண்டாகப் பரவும் கவ் கிராஸ் துண்டுகளை அக்டோபர் மழைத் தொடக்கத்தில் நடுவது பலன் தரும். நட்ட இடத்தில் வேர் பிடிக்கும்வரை ஆட்டம் கூடாது. இளைஞர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். புல் மூடிய பின் ஐந்து சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால், தரைக்கு வெயில் எட்டாமல் சம்பாவ் விதை முளைப்பது குறையும்.

கதிர் விடுமுன் சம்பாவை ஈரத்தில் வேரோடு பிடுங்கலாம். கோரை அப்படியன்று, இழுத்தால் மேல்தண்டு அறுந்து கிழங்கு மண்ணில் தங்கி மீண்டும் துளிர்க்கும் என்பதால் அதைத் தோண்டியே எடுக்க வேண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளைக் குத்தும் தொட்டாற்சிணுங்கியைக் காய்க்குமுன் வேரோடு வெட்டியெடுக்க வேண்டும்.

ஒரே வெட்டும் எந்திரம் பல திடல்களுக்குக் கைமாறுவது தோட்டங்களில் வழக்கம். அடுத்த திடலிலிருந்து வந்த எந்திரத்தின் தகட்டடியிலும் சக்கரத்திலும் ஒட்டியிருக்கும், களைவிதை கலந்த மண்ணைத் திடலுக்கு வெளியே கழுவிய பிறகே உள்ளே இறக்க வேண்டும்.