தணிகையும் கல்லூரி ஆசிரியர்தம் மனவமைதியும்

தொண்டைநாட்டு வடவெல்லையை அடுத்த திருத்தணிகைக்குச் செருத்தணி என்பதும் ஒரு பெயர். சூரபதுமனோடும் வேடரோடும் பொருத செருவின் சினம் முருகப்பெருமானுக்குத் தணிந்த தலமாதலின் அப்பெயர் போந்தது என்பர். இறைவனுக்குச் சினமென்பதொன்று இன்று; தணியவேண்டுவது உயிரின் சினமே என்பதை நமக்கு அறிவுறுத்தற்கே அப்பெயர் நின்றதென்க.

இத்தணிகையில் 1888-ஆம் ஆண்டு தோன்றிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் கல்லூரி ஆசிரியராய்ப் பணி தொடங்கிக் குடியரசுத் தலைவராயினார். அவர் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. ஆசிரியரைப் போற்ற ஒரு நாள் உண்டு; அவருள்ளம் படும் பாட்டினை யார் நினைப்பர்?

பாடஞ்சொல்லுதலோடு விடைத்தாள் திருத்தல், அறிக்கை எழுதுதல், ஆய்வுக்கட்டுரை வெளியிடுதல் என அவர்க்குச் சுமை பலவாயின. அவற்றால் உடலும் உள்ளமும் ஓய்தல், பணியில் வெறுப்பு, தம்மாற் பயனில்லையென்னும் எண்ணம் ஆகிய மூன்றும் விளைகின்றன. இம்மூன்றனையும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஏற்ற நோய் வகைப்பாட்டில் தொழில்வழிச் சோர்வெனக் குறித்தது, நோயென வகுத்திலது.

இதற்கு யோகம் மருந்தென்பர் பலர். நன்று. ஆயின் அவர் கருதுவது பெரும்பாலும் ஆதனமும் மூச்சுப் பயிற்சியுமே. திருமூலநாயனாரோ திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் எட்டுறுப்புக் கூறுங்கால் இயம நியமங்களை முன்வைத்து, ஆதனத்தை அவற்றின் பின் வைத்தருளினார். ஒழுக்கத்தைத் திருத்தாது மூச்சை மட்டும் அடக்குதல், அடுப்பின் விறகை வாங்காது உலைமூடியை அழுத்துதலை ஒக்கும். பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என அவர் வகுத்த அளவும் குருமுகமாகப் பயிலற்பாலது. குருதியழுத்தமும் இதயநோயும் உடையார் கும்பகத்தில் தாமே புகுதல் தகாது.

யானும் கல்லூரியில் முப்பதாண்டு தமிழ் கற்பித்தவன். நாட்பூசை வழுவாதவனாயிருந்தும், வினாவிய மாணாக்கனொருவனை ஒருநாள் பலர்முன் இழித்துரைத்தேன். அவன் வினா நேரியது. விடைதான் யான் அறியாதது. அன்று மாலை தணிகையின் 365 படிகளும் ஏறி முடிக்குமுன் சினம் தணிந்தது. 'அறிந்தவன் யான்' என்னும் ஆணவமே என்னைச் சுட்டதென்பதும் விளங்கிற்று. மறுநாள் அவனிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். என் யோகத்திற்கு அதுவே முதற்படி.

மனம் மாயையின் காரியம், சடம். உயிர் அதனின் வேறு. சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. மாணவர் மதிப்பையும் மேலோர் முகத்தையும் நாளெல்லாம் சார்ந்த உயிர் அவற்றின் நிறமே பெறும். ஆதலின் மனத்தை வெறுமையாக்குதல் நம் நெறியன்று. சார்பை மாற்றுதலே நெறி. வகுப்பு முடிந்தபின் அரைநாழிகை தனித்திருந்து, புலன்களைப் புறத்தினின்று மீட்டல் பிரத்தியாகாரம். மீட்ட மனத்தைத் திருவைந்தெழுத்தில் நிறுத்தல் தாரணை. அந்நிலை இடையறாதொழுகல் தியானம்.

ஒன்று மறவற்க. உறக்கமின்மையும் துயரும் நீடிப்பின் மருத்துவரை நாடுதல் கடன். அளவிறந்த வேலைச்சுமையைக் குறைத்தல் கல்லூரியை நடத்துவோர் கடன். அதனை ஆசிரியரின் தியானத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. தன் சினத்தைத் தணித்தல் ஒன்றே ஆசிரியர்தம் கடன். அதற்குத் தணிகைப் பெருமான் திருவடி துணை.

திருச்சிற்றம்பலம்.