குருதி வெல்லமும் சதையியும்

உண்டபின் கழியும் ஒரு மணி நேரமும் உண்ணாது கழியும் ஓர் இரவும் உடலுக்கு ஒன்றல்ல. முன்னதிற் சோற்றின் மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதியிற் பெருகுகின்றது; பின்னதிற் குடலிலிருந்து யாதும் வருவதில்லை. ஆயினும் நலமுடையார் ஒருவரின் குருதியை விடியற்காலையிற் சோதிப்பின், நூறு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வெல்லம் இருக்கக் காணலாம். உடலிலுள்ள குருதி முழுவதற்கும் கணக்கிடின் அது ஒரு தேக்கரண்டி அளவே. இச்சிறு தொகையைக் காப்பது யாது?

இரைப்பையின் பின்னே கிடக்கும் சதையியே. தமிழகத்தார் இதனைக் கணையம் என்பர். இதன் பெரும்பகுதி சமிபாட்டு நீரைச் சுரந்து கான்வழியே சிறுகுடலுக்கு அனுப்புவது. அப்பகுதியினிடையே தீவுகள்போற் சிதறிய கலக்கூட்டங்களை 1869 இல் இலங்கர்கான் என்னும் ஜெர்மானிய மருத்துவ மாணவர் கண்டார். அவற்றின் பீற்றாக் கலங்கள் இன்சுலினையும், அல்பாக் கலங்கள் குளுக்ககனையும் கானின்றி நேரே குருதியில் விடுகின்றன. தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே இன்சுலின் என்னும் பெயர். காரணப்பெயர் என நம் இலக்கணத்தாரும் இதனை ஏற்பர்.

வெல்லம் மிகுங்கால் இன்சுலின் சுரந்து, தசையும் கொழுப்பிழையமும் குளுக்கோசை ஏற்கச் செய்யும்; ஈரலில் அதனைக் கிளைக்கோசனாகச் சேமிக்கச் செய்யும். வெல்லம் குறையுங்கால் குளுக்ககன் ஈரலை ஏவி அச்சேமிப்பைக் குருதிக்கு மீட்கும். தசையிலும் கிளைக்கோசன் உண்டு; ஆனால் அது தசையின் தனிச்சொத்து, குருதிக்கு வாராது.

சதையியை அகற்றிய நாய்க்கு நீரிழிவு உண்டாதலை மிங்கோவுஸ்கியும் மேரிங்கும் 1889 இற் காட்டினர். எனினும் மருந்து பிறக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. ரொறன்ரோவிற் பன்ரிங்கும் பெஸ்ற்றும் 1921 இல் ஆய்ந்து பெற்ற சாறு, 1922 சனவரி 11 இல் இலெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. பயன் சிறிதே. கொலிப் என்பார் அதனைத் தூய்மையாக்கிக் கொடுக்க, 23 ஆம் நாள் ஏற்றிய ஊசி அவனைப் பிழைப்பித்தது. அதுகாறும் இந்நோயுற்ற சிறுவர்க்குப் பட்டினியையன்றி வேறு மருந்தில்லை. அதுவும் சாவைச் சற்றே தள்ளிவைத்தது. தொம்சன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஊசியால் ஏற்றிய இன்சுலின், ஏற்றுக்கொண்டவன் உண்டானா இல்லையா என்பதை அறியாது. காலையுணவைத் தவிர்த்து மைதானத்தில் ஓடினால் வெல்லம் மிகத் தாழும். வேறு எரிபொருளை எளிதில் ஏற்காத மூளை முதலில் வாடும். வகுப்பில் வியர்த்து நடுங்கி, வினாவுக்குப் பொருந்தா விடை கூறும் அத்தகைய மாணவனை மடியுடையான் என ஆசிரியர் கடியலாகாது. அறிவோடிருப்பின் உடனே சீனி கரைத்த நீர் கொடுத்தல் வேண்டும். அறிவிழந்தானாயின் வாயில் ஏதும் ஊற்றாது, ஒருக்களித்துக் கிடத்தி, விரைந்து மருத்துவமனை சேர்க்க. அங்கே நாளத்திற் குளுக்கோசு ஏற்றியோ, குளுக்ககனையே ஊசியாக இட்டோ மீட்பர்.