பழைய மடிக்கணினியைப் பழுது பார்த்தல்

2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பல, இன்று கிராமத்து வீடுகளில் பரண்மீது கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றிற்கேனும் நேர்ந்திருப்பது சிறு பழுதாகவே இருக்கும் என்பது நமது எண்ணம்.

சிறிது நேரம் ஓடியதும் சூடேறித் தானே அணைந்துவிடுகிறதா? உள்ளிருக்கும் விசிறியில் தூசி அடைந்திருக்கக்கூடும். நெல் தூற்றும் களத்தையொட்டிய வீடுகளில் இதற்குக் கேட்பானேன்! மின் இணைப்பை நீக்கி, மின்கலத்தையும் கழற்றிய பின், விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தல் வேண்டும்.

இயக்குந்தோறும் நாளும் நேரமும் பிழையாகத் தோன்றுமாயின், உள்ளே உள்ள 3 வோல்ட் காசு வடிவ மின்கலம் தீர்ந்திருத்தல் கூடும். நாள் பிழையாயின் இணையத்தின் பாதுகாப்பான பக்கங்கள் திறவா. பட்டா பார்க்க அமர்ந்தவர் இணையமே கெட்டது என்று மயங்குவார். மாற்றுவதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது.

பெரிய மின்கலம் உப்பியிருப்பின் நாமே கை வைத்தலாகாது. அது லிதியம் கலந்தது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும். மின்னேற்றுவதை உடனே நிறுத்தி, தொழிலறிந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்; ஊர்க் குப்பையில் எறிதல் கூடாது. அம்மின்கலத்தை அவர் நீக்கிய பிறகும் பல மடிக்கணினிகள் மின் இணைப்பைக் கொண்டே இயங்கும்.