செல்லாத ஓட்டு என்று ஒதுக்கும் முன்

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தஞ்சாவூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் ஓட்டுச்சீட்டுதான் புழங்கியது. 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை விடிய விடிய நடந்தது. அடுத்த ஊராட்சித் தேர்தலில் யாருக்காவது எண்ணும் முகவராக உட்காரப் போகிறீர்களா? தலைவர் பதவி சில சமயம் ஒற்றை இலக்க ஓட்டில் கைமாறும். ஒதுக்கிவைத்த சீட்டுகள்தான் அப்போது பேசும்.

முதல் வேலை, சீட்டுகளை நிறம் பிரிக்கும்போதே கவனிப்பது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். பேனாவும் தாளும் கையில் இருக்கட்டும்.

சந்தேகச் சீட்டு வந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். பார்க்கலாம், தொடக்கூடாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1961-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 56-ஆவது விதி சொல்லும் அளவுகோல்தான் இங்கும் ஏறக்குறைய பொருந்தும். இரண்டு சின்னத்தில் குத்தியிருந்தால் செல்லாது. பேரோ கையெழுத்தோ எழுதி, போட்டவர் யாரென்று தெரிந்தால் செல்லாது. முத்திரை இல்லாமல் பேனாவால் கோடு போட்டாலும் அதே கதிதான். ஆனால் ஒரே சின்னத்தில் இரண்டு முறை குத்தியதும், மை மங்கியதும் குற்றமில்லை. யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் கையெழுத்திட மறந்ததற்காக வாக்காளரின் ஓட்டைத் தள்ளவும் கூடாது.

அதிகம் சண்டை வருவது மடிப்பில்தான். ஈர மையோடு சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கச் சின்னத்திலும் தடம் விழும். பார்த்தவுடன் இரண்டு ஓட்டு மாதிரி தெரியும். பதறாதீர்கள். அம்புக்குறி முத்திரையின் அமைப்பு சுழல்வது போன்றது. மடிப்பில் பதிந்த தடம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருக்கும். சீட்டை மடிப்புக்கோட்டில் மடித்துப் பார்க்கும்படி அலுவலரிடம் கேளுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஓட்டு ஒன்றுதான். இதைச் சொல்லத் தெரிந்த முகவர் பத்துப் பேர் கத்துவதைவிடப் பயன்படுவார்.

தள்ளிய சீட்டில் காரணம் எழுதிச் சுருக்கொப்பம் இடுகிறார்களா பாருங்கள். வாக்குச்சாவடி எண்ணையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறு எண்ணிக்கை வேண்டுமானால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். "சந்தேகமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. எந்தச் சாவடி, எத்தனை சீட்டு, என்ன காரணம் என்று எழுதுங்கள். மறுத்தால் அவரும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; அதன் நகலைக் கேளுங்கள். சமமாக முடிந்தால் குலுக்கல்தான்.

காரணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ராதாபுரம் தொகுதி சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே போட்டியிட்ட இன்பதுரை 49 ஓட்டில் எதிர்வேட்பாளர் அப்பாவுவை வென்றார். தள்ளப்பட்ட தபால் ஓட்டு மட்டும் 203; நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லாது என்பதே சொன்ன காரணம். வழக்கு நடந்து, மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2019 அக்டோபர் 4 அன்று, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அவற்றை மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

ஊராட்சித் தேர்தல் வழக்கு மாவட்ட நீதிபதியிடம் போகும். முடிவு வெளியான 45 நாளுக்குள் மனு போட வேண்டும். ஓட்டின் ரகசியம் காக்க வேண்டியிருப்பதால் வெறும் ஊகத்தை நம்பி நீதிமன்றம் ஓட்டுச்சீட்டுக் கட்டைப் பிரிக்கச் சொல்லாது. எண்ணும் மேசையில் நீங்கள் எழுதிய குறிப்பை மனுவோடு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.