சந்தைக்கு முன் சட்டிக்கு: வீட்டு நாற்றுக் குடில்



ஒட்டன்சத்திரம் சந்தையை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. தக்காளி, கத்தரி, முருங்கை என்று மூட்டை மூட்டையாகக் கேரளம் வரை போகிறது. ஆனால் அந்தக் காயை விளைவித்தவர் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்த்தால், பல நாள் வெறும் புளிக்குழம்புதான் இருக்கிறது. "வித்தது போக மிஞ்சினாத்தானே சார் வீட்டுக்கு" என்பார்கள்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. மூச்சு வாங்குதல், தலைசுற்றல், சோர்வு எல்லாம் அதன் அறிகுறிகள். பிரசவத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தாய்மார்களைக் கூட்டி, வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று பேசி, விதைப் பொட்டலமும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் ஒரு செடிகூட இல்லை. ஒரு பாட்டி சொன்னார்: "வெதையக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. சித்திர வெயிலையும் கோழியையும் யாரு பாத்துக்கிறது?"

அவர் சொன்னதுதான் சரி. முளைத்த முதல் ஒரு மாதம் செடிக்கும் கைக்குழந்தைப் பருவம். அப்போது காக்காவிட்டால் பிறகு காக்க ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் நாற்றுக் குடில்.

மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று

கொடைக்கானல் குளிரில் பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடில் வெயிலின் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். அங்கே அது வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் அதையே நாலு பக்கமும் மூடிக் கட்டினால் நாற்று வெந்துவிடும். நமக்கு வேண்டியது வெயிலைப் பாதியாகக் குறைத்து, காற்றை உள்ளே விடும் நிழல்வலைக் குடில்.

குடில் கட்டும் முறை

1. ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, ஐந்தடி உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டுங்கள்.
2. மேலே 50 சதவீத நிழல்வலை போடுங்கள். வலை இல்லாவிட்டால் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பலாம்.
3. சுற்றிலும் பூச்சி புகாத நெருக்கமான வலை கட்டுங்கள். கோழி, ஆடு மட்டுமல்ல, தக்காளியில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் நுழையாது. பழைய கொசுவலையின் கிழிசலைத் தைத்தும் கட்டலாம், ஆனால் அது கோழி, ஆட்டைத் தடுக்குமே தவிர வெள்ளை ஈயைத் தடுக்காது. ஆனால் குழந்தை படுக்கும் வலையை எடுத்துவிடாதீர்கள்!

நாற்று விடுதல்

குழித்தட்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியோ பால் கவரோ போதும். மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பலாம். அல்லது மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பலாம். குழிக்கு ஒரு விதை, அரை விரற்கடை ஆழம். காலையும் மாலையும் பூவாளியால் தெளித்தால் போதும். மண் சொதசொதவென்று இருந்தால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். பாசத்தில் ஊற்றும் தண்ணீரே பல நாற்றைக் கொல்கிறது.

தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். கடைசி ஒரு வாரம் தண்ணீரைச் சற்றுக் குறைத்து, நாள்தோறும் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பழக்குங்கள். பிறகு வெயில் தாழ்ந்த மாலையில் நடுங்கள். பப்பாளி, முருங்கை விதைகளைப் பையில் போட்டு இதே குடிலில் வளர்க்கலாம். கீரையை மட்டும் நேரே பாத்தியில் விதையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். பாதியை இன்றும், மீதியை மூன்று வாரம் கழித்தும் விதைத்தால் காய் தொடர்ந்து கிடைக்கும். குழித்தட்டில் நாற்று வளர்ப்பதை ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையத்தில் நேரில் பார்க்கலாம்.

கவனம்!

* கடை விதையில் சிவப்போ பச்சையோ சாயம் பூசியிருந்தால், அதில் மருந்து கலந்திருக்கும். குழந்தைகள் கையில் எட்டவிடாதீர்கள். விதைத்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.
* கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பூச்சிமருந்தைத் தொடவே கூடாது.
* தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். காலிக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள்.

தட்டில் வந்தால்தான் பலன்

முருங்கைக்கீரையும் மற்றக் கீரைகளும் இரும்புச்சத்துத் தரும். அவற்றோடு தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தால் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது குறையும். பப்பாளியும் கீரையும் குழந்தையின் கண்ணுக்கு நல்லது.

ஆனால் ஒன்று: இரத்த சோகை வந்தபின் கீரை மட்டும் போதாது. கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் 180 நாளைக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். தோட்டம் இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரை இருக்கிறதே என்று தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பாட்டி வீட்டுக்கு அடுத்த முறை விதையோடு நாலு கம்பும் ஒரு வலையும் கொண்டு போனேன். ஆடி கழிந்து போனபோது, "கத்திரிக்கா காய்ச்சிருக்கு, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். பேத்தியின் தட்டில் முதலில் போட்டுவிட்டுத்தான் எனக்குப் பரிமாறினார்.

உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கட்டும். முதல் காய் சந்தைக்கு வேண்டாம். வீட்டுப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் போடுங்கள்.