பீர்பிளாக் போட்டால் யாருக்கும் தெரியாதா?

கேள்வி: வீட்டு இணைய இணைப்பு என் பெயரில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் டொரண்டில் புதுப்படங்கள் இறக்குகிறான். கண்டித்தால், "பீர்பிளாக் போட்டிருக்கிறேன் அப்பா, என்னை யாரும் பார்க்க முடியாது" என்கிறான். தெரிந்தவர் ஒருவருக்குப் பணம் கேட்டுச் சட்டத்தரணி கடிதம் வந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பொலிஸ் வருமா?
- க. சி., ஸ்டொவ்னர், ஒஸ்லோ

பதில்: க. சி. அவர்களே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டில் நாலு படம் இறக்கினார்கள் என்பது பெரும்பாலும் படத்தின் உரிமையாளருக்கும் இணைப்புக்காரருக்கும் இடையிலான பணத் தகராறுதான். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகனின் தைரியத்தில்தான் இல்லை.

பீர்பிளாக் செய்வது ஒரே வேலை. சந்தேகத்துக்குரிய ஐபி முகவரிகளின் (ஒவ்வோர் இணைப்புக்கும் நிறுவனம் கொடுக்கும் எண்) பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த எண்களோடு உங்கள் கணினி பேசாமல் தடுக்கிறது. உங்கள் எண்ணை அது மறைப்பதில்லை. டொரண்டில் சேர்ந்தவுடன் அந்த எண் டிராக்கரில் (எந்தக் கோப்பு யாரிடம் உள்ளது என்று பதிவு வைத்திருக்கும் கணினி) ஏறிவிடும். உரிமையாளருக்காகக் கண்காணிப்பவர் உங்கள் கணினியைத் தொடவே வேண்டாம். டிராக்கரைக் கேட்டாலே போதும். கடைவாசலில் ஆளை நிறுத்திவிட்டு, பெயரையும் விலாசத்தையும் தெருமுனைப் பலகையில் எழுதி வைத்தது போலத்தான்.

பட்டியலும் ஊகம்தான். கண்காணிப்பு நிறுவனம் சாதாரண வீட்டு இணைப்பு ஒன்றிலிருந்து வந்தால் எந்தப் பட்டியலிலும் அது இராது. 2012இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரபலமான கோப்பைப் பகிர்பவரின் எண் மூன்று மணி நேரத்துக்குள் பதிவாகிவிடுவதைக் கண்டார்கள். இந்தப் பட்டியல்களையும் முழுதாக நம்ப முடியாது என்றார்கள். போதாததற்கு, பீர்பிளாக்கின் புதிய பதிப்பு 2014க்குப் பிறகு வரவே இல்லை.

நோர்வேயில் எண்ணிலிருந்து பெயருக்குப் போகும் வழி நீதிமன்றம். 'மாக்ஸ் மானுஸ்' படத்தைப் பகிர்ந்தவரின் பெயரை இணைய நிறுவனம் தர வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் சட்டம் மாறி, எண்களைச் சேகரிப்பது உரிமையாளர்களுக்கு எளிதானது. ஆனால் 2019இல், பகிர்வு போதிய அளவு பெரியது என்று காட்டப்படாததால், இணைய நிறுவனமான டெலினோர் பெயர்களைத் தர வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 முதல் நிறுவனங்கள் எண்விவரங்களை 12 மாதம் வைத்திருக்கின்றன. அது கடுமையான குற்றங்களை விசாரிக்கும் பொலிஸுக்காக, படக் கம்பனிகளுக்காக அல்ல.

கடிதம் வந்தால் பதறிப் பணம் கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். எந்தப் படம், எந்தத் தேதி, உங்கள் பெயர் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். அட்வகாட்வக்தன் என்ற சட்ட ஆலோசனைச் சேவையில் அரை மணி நேரம் இலவசமாகச் சட்டத்தரணியிடம் பேசலாம். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதாலேயே பகிர்ந்தவர் நீங்கள் ஆகிவிட மாட்டீர்கள். அதற்காக மகனைக் காட்டிக்கொடுக்கும் பதிலையும் யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள்.

வீபிஎன் (வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக இணையத்துக்குப் போகும் வசதி) போடட்டுமா என்று மகன் அடுத்துக் கேட்பான். அது எண்ணை உண்மையிலேயே மறைக்கும். ஆனால் உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்த நிறுவனத்தின் கையில் போகும். தவறான பகிர்வு அதனால் சரியாகவும் ஆகாது.

அவனிடம் ஒன்றை மட்டும் விளங்கப்படுத்துங்கள்: டொரண்டில் இறக்கும்போதே நாம் பிறருக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறோம். உரிமையாளர் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஏற்றத்தைத்தான். டொரண்டே குற்றம் என்று நினைக்க வேண்டாம். நோர்வேயின் அரச ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே கூட 2008இல் தன் நிகழ்ச்சி ஒன்றை டொரண்டில் வெளியிட்டது. உபுண்டு போன்ற இலவச மென்பொருள்களைத் தாராளமாகப் பகிரட்டும், அதற்குப் பீர்பிளாக் தேவையில்லை. புதுப்படக் கோப்புகளை இன்றே டொரண்ட் செயலியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். கணினி திறந்தவுடன் செயலி தானாக ஓடும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பார்த்து முடித்த படம் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பது அப்படித்தான்.