ஒரு சாண் பிள்ளையார், ஒரு வாளி தண்ணீர்

விநாயகர் சதுர்த்திக்கு வீட்டில் வைக்க ஒரு சாண் உயரப் பிள்ளையார் தாராளம். அதைத் தாண்டினால் கரைக்க ஏரி, கடல் என்று அலைய வேண்டிவரும்.

வாங்குவதாக இருந்தால் சிலையைத் திருப்பி, வண்ணம் பூசாத அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாக இருக்கலாம், வாங்காதீர்கள். நீரில் லேசில் கரையாத அந்தப் பண்டம் வேண்டாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-ஆம் ஆண்டு வழிமுறைகளும் சொல்கின்றன. சுட்டமண் சிலையும் ஆகாது. சூளைக்குப் போய்வந்த மண் திரும்பச் சேறாகாது. ‘பச்சை மண்தானே?’ என்று கேட்டு வாங்குங்கள்.

கையால் செய்வதில்தான் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நாலைந்து நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். காய்ந்த களிமண்ணை உடைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் பழைய பருத்தித் துணியில் பரப்பி வைத்தால் ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும்.

முதலில் பீடம், அதன்மேல் தொந்தி, பிறகு கால், தலை, கடைசியில் தும்பிக்கை. இரண்டு துண்டுகளைச் சும்மா அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும். ஒட்டும் இடத்தை ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்ணைத் தடவிச் சேருங்கள். தும்பிக்கையைத் தொங்கவிடாமல் தொந்தியோடு ஒட்டிவிட்டால் உடையாது. தொந்தி கனமாக இருந்தால் அடியிலிருந்து கொஞ்சம் குடைந்து எடுத்துவிடுங்கள். வெயிலில் வைக்கவே கூடாது. நிழலில்தான் உலர வேண்டும். வெடிப்பு தெரிந்தால் ஈரவிரலில் மண் தொட்டு இழுத்துவிட்டால் போதும். தும்பிக்கை சற்றுக் கோணினாலும் பாதகமில்லை, பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெயின்ட் வேண்டாம். மஞ்சளும் சந்தனமும் போதும். கண்ணுக்குக் குன்றிமணி. அது விஷம் என்பதால் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எருக்கம்பூ மாலை, அருகம்புல், இரண்டு வாழைக்கன்று, மாவிலை. ஜிகினா குடைக்குப் பதில் காகிதக் குடை. தெர்மாகோல் மண்டபத்துக்கு இங்கே வேலையே இல்லை. வருகிறவர்களுக்குக் கொழுக்கட்டையை வாழையிலை நறுக்கில் வைத்துக் கொடுக்கலாம்.

புனர்பூஜை முடித்து, பிள்ளையாரை வடக்கே சற்று நகர்த்திய பிறகு பூ, குடை, குன்றிமணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிலை மூழ்கும் அளவுக்கு வாளியில் தண்ணீர் நிரப்பி உள்ளே இறக்குங்கள். ஒரே நாளில் கரையாவிட்டால் இன்னொரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுக் குச்சியால் குத்த வேண்டாம், பார்க்கிற பெரியவர்களுக்கு மனம் சங்கடப்படும். தெளிந்த நீரை மரத்தடியில் ஊற்றலாம். அடியில் தங்கிய சேற்றைத் தொட்டியில் அப்படியே கொட்டினால் மண் இறுகிவிடும். மணலும் மட்கிய எருவும் கலந்து செடிக்குப் போடுங்கள். மாலையும் அருகம்புல்லும் எருக்குழிக்கு. சாக்கடைப் பக்கம் மட்டும் எதுவும் போகவேண்டாம்.